ஒரு ஸ்டேஷன், நாலு ஸ்கேல்: ரயில் மாடல் கட்டடம் ஒன்றை அளந்து பார்த்த கதை

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போடா. கட்டடம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஏதோ இடிக்குது, என்னன்னு புடிபடல."

சித்தப்பா போனில் இப்படிச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டித் தரும் பட்டறை அது. அரை மில்லிமீட்டர் தப்பினால் கையால் தடவியே சொல்லிவிடுவார். அவருக்கே பிடிபடவில்லை என்றால் விஷயம் அரை மில்லிமீட்டரில் இல்லை என்று மட்டும் தோன்றியது.

மொட்டை மாடி அறையில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை. அதன்மேல் டெல்டாப் பக்கத்து மீட்டர் கேஜ் காலம். எச்ஓ ஸ்கேல், அதாவது நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது இங்கே 1 மில்லிமீட்டர். மீட்டர் கேஜின் 1000 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும்; கடையில் கிடைப்பது 12 மி.மீ. தண்டவாளம். ஸ்விட்சர்லாந்தில் ரேட்டியன் ரயில்வே இன்றும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது, அதை மாடல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இந்த அகலத்தில் தண்டவாளமும் விற்கிறது. சித்தப்பா மருமகன் மூலம் வரவழைத்திருந்தார்.

இதில் மீட்டர் கேஜ்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ.; எச்ஓ-வில் அது 19.3 மி.மீ. வரவேண்டும். ஆனால் உலகம் முழுக்க எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ.தான், ஐரோப்பிய, அமெரிக்க 1435 மி.மீ. பாதைக்கானது. அதில் நம் ஐசிஎஃப் பெட்டியை நிறுத்தினால் ஆறடி ஆள் குழந்தையின் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். சித்தப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருடைய தொல்லை கட்டடத்தில்.

பார்த்த முதல் பார்வை

கட்டடம் அழகாகவே இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் கொடுக்கிற கூடம், ஸ்டேஷன் மாஸ்டர் அறை, முன்னால் மரத்தூண் வைத்த ஓட்டு வராண்டா, பக்கத்தில் செங்கல்லில் ஒரு விளக்கறை. சிவப்பு மணல் வாளிகள். மணிக்குப் பதில் தொங்கும் தண்டவாளத் துண்டு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் சொந்த ஊர்ப் பெயர், தமிழ் மேலே, அப்புறம் இந்தி, ஆங்கிலம். அந்த ஊர் ஸ்டேஷன் அகலப்பாதை வந்தபோது இடிக்கப்பட்டுவிட்டது. போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஞாபகத்திலிருந்து.

இங்கிலாந்தில் பெண்டன் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து போன ராய் இங்கிலாந்து என்பவர் தொடங்கியது (பெயரே அப்படித்தான்). கிராமத்துக் கூரை வீடுகள் கண் முன்னால் மாறிக்கொண்டிருந்தபோது, நிற்கிற வீட்டை அளந்து மாடல் செய்யத் தொடங்கியவர். அவருக்கு டேப் பிடிக்க வீடு இருந்தது. நமக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் செல்போனைத் தலைகீழாகத் திருப்பி, கேமரா பலகையைத் தொடுகிற மாதிரி வைத்து ஒரு படம் எடுத்தேன். மாடலை நாம் எப்போதும் மேலேயிருந்தே பார்க்கிறோம். எச்ஓ-வில் நிற்கிற மனிதனின் கண் தரையிலிருந்து 17 அல்லது 18 மி.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் பொய் தெரியும். படத்தை கறுப்பு வெள்ளையாக மாற்றினேன், நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக. உடனே தெரிந்தது: பிளாட்பாரம் ஒரு மதில் மாதிரி எழுந்து நின்றது. கூரை கட்டடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் சுவரில் ஒட்டிய ஸ்டாம்பு போல இருந்தன.

சித்தப்பா படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவு கரெக்டாத்தானே இருக்கு?" என்றார்.

கதவு கரெக்ட். வெர்னியர் காலிப்பரை வைத்தோம், 24.2 மி.மீ. நிஜத்தில் 2.1 மீட்டர், ஏழடிக் கதவு. ஒரு குற்றமும் இல்லை. அவர் கதவை மட்டும் அளந்து செய்திருந்தார். மற்றதெல்லாம் கடையில் வாங்கிய பாக்கெட்டை நம்பி வந்தவை.

பிளாட்பாரம்

பாக்கெட்டில் ‘எச்ஓ/ஓஓ’ என்று போட்டிருந்தது. இந்தச் சாய்கோடு இந்தப் பொழுதுபோக்கில் செய்திருக்கிற குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. எச்ஓ-வில் ஓர் அடி 3.5 மி.மீ. ஓஓ-வில் ஓர் அடி 4 மி.மீ., அதாவது சுமார் 1:76. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சின்னவை. அந்தக் காலத்து மோட்டார் 3.5 மி.மீ. அளவில் செய்த உடலுக்குள் அடங்கவில்லை. உடலைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்டவாளம் பொது என்பதால் கட்டடமும் பொது என்று விற்கிறார்கள். வித்தியாசம் 14 சதவீதம். நூறு ரூபாய்க்கு பதினாலு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் விடுவாரா?

ஆனால் இங்கே ஸ்கேல் மட்டும் தப்பில்லை, நாடே தப்பு. பாக்கெட்டில் சொன்னபடி தண்டவாளத்தின் தலையிலிருந்து பிளாட்பாரம் 12 மி.மீ. உயரத்தில் வரும்படி கீழே அட்டை கொடுத்து ஒட்டியிருந்தார். பிரிட்டனில் பிளாட்பார உயரம் 915 மி.மீ. என்பது வழக்கம், ஓஓ-வில் அது சரியாக 12. நம் எச்ஓ ஸ்டேஷனில் அதே 12 என்பது 1044 மி.மீ. ஆகிவிடுகிறது. இந்திய பிராட் கேஜின் உயர்ந்த பிளாட்பாரமே 760-லிருந்து 840 மி.மீ. தான். மீட்டர் கேஜிலோ ஓர் அடியை ஒட்டித்தான் இருக்கும். பல ஊர்களில் தண்டவாள மட்டத்திலேயே மண்ணைக் கொட்டி, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். எச்ஓ-வில் மூன்றரை, நாலு மில்லிமீட்டர் போதும்.

சித்தப்பாவின் மாடலில் பெட்டியின் தரையும் பிளாட்பாரமும் ஒரே மட்டத்தில் இருந்தன. மெட்ரோ ரயிலில் ஏறுவதுபோல ஏறலாம். மீட்டர் கேஜ் பாசஞ்சரில் பயணம் செய்த யாருக்கும், ஒரு கையில் தூக்குவாளியும் இன்னொரு கையில் கம்பியுமாக, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு படியேறிய பாட்டி ஞாபகம் இருக்கும். இங்கே பெட்டியின் படிகள் பிளாட்பாரச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு விட்டன. ‘ஏதோ இடிக்குது’ என்று அவர் சொன்னதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணுக்கு எண் தெரியாது, ஏறி இறங்கிய கால்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கூரை

ஓட்டுக்கு நிஜ அளவு வேண்டும். ஸ்டேஷன் இல்லை, ஆனால் மங்களூர் ஓடு எங்கும் ஒன்றுதான். பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை வைத்து அச்சில் அடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது ஊர் ஊராகப் போன அச்சுச் சரக்கு. சித்தி வீட்டுக் கொல்லையில் பழைய மாட்டுக்கொட்டகைக் கூரை அதே ஓடு. ஏணி வைத்து ஏறி, வெளியே தெரிகிற பகுதியை டேப்பில் அளந்தேன்: அகலம் 21 செ.மீ., நீளம் 32 செ.மீ. சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு என்று கொத்தனார்கள் போடுகிற கணக்கு இதிலிருந்து வருவதுதான். கீழேயிருந்து சித்தி, "பொம்ம வீட்டுக்கு அளவெடுக்க ஏணியா? அப்படியே அந்த ஒழுகுற ஓட்டையும் மாத்திட்டு எறங்கு" என்றார். மாற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

எச்ஓ-வில் ஓர் ஓடு 2.4 மி.மீ. அகலம், 3.7 மி.மீ. நீளம் தெரியவேண்டும். சித்தப்பா ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஓட்டுத் தாளில் ஒவ்வொன்றும் 4.8 மி.மீ. அகலம். 210-ஐ 4.8-ஆல் வகுத்தால் 43.75. இது ‘ஓ’ ஸ்கேல், 1:43.5. எச்ஓ என்ற பெயரே ‘ஓ-வில் பாதி’ என்பதுதான். ஆக கூரை மட்டும் துல்லியமாக இரண்டு மடங்கு. வராண்டா நீளத்துக்கு ஒரு வரிசையில் 71 ஓடு வரவேண்டிய இடத்தில் 35 இருந்தது. சரிவில் எட்டு வரிசைக்குப் பதில் நாலு. ஒவ்வொரு ஓடும் பொங்கல் பானை மூடி அளவில்.

மாடலை மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாக முதலில் கட்டடத்தின் நீளத்தை அளப்பார்கள். என் அனுபவத்தில் அது வீண் வேலை. சித்தப்பாவின் கட்டடம் நிஜத்தைவிடச் சிறியது: ஊரில் வராண்டாவுக்கு ஏழு கண் (இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி), இங்கே ஐந்து. 241 மி.மீ. வரவேண்டியது 172-ல் நிற்கிறது. அது யாரையும் உறுத்தவில்லை. உறுத்தவும் உறுத்தாது, ஏனென்றால் மாடலில் எல்லாவற்றையும் முழு நீளத்தில் வைக்க இடமே கிடையாது. இன்றைய 24 பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றை எச்ஓ-வில் நிறுத்த ஆறு மீட்டருக்கு மேல் வேண்டும். எந்த வீட்டு மாடியிலும் நடக்காது. அதனால் சுருக்குவார்கள். சுருக்குகிற விதத்தில்தான் கெட்டிக்காரத்தனம். சித்தப்பா இரண்டு கண்ணை எடுத்துவிட்டு மிச்ச ஐந்தையும் முழு அகலத்தில், கண்ணுக்கு மூன்று மீட்டராக விட்டிருந்தார். ஏழையும் வைத்து ஒவ்வொன்றையும் நெருக்கியிருந்தால் தூண்களுக்கு நடுவில் ஆளே நுழைய முடியாத கட்டடம் வந்திருக்கும்.

மனிதன் தொடுகிற, ஏறுகிற, நுழைகிற சாமான்களில்தான் ஸ்கேலைத் தேட வேண்டும். கதவு, படி, பெஞ்ச், கைப்பிடி, ஓடு, பிளாட்பார விளிம்பு. எத்தனை கண், எத்தனை தூண் என்பது வேறு கதை.

சுவர், ஆட்கள், செங்கல்

ஜன்னல் ஸ்டாம்பு மாதிரி தெரிந்ததற்குக் காரணம் சுவரின் பருமன். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தில் ஒன்றரைக்கல் சுவர் சாதாரணம், பதினாலு அங்குலம். எச்ஓ-வில் 4 மி.மீ. சித்தப்பா 1.5 மி.மீ. மவுண்ட் போர்டில் வெட்டி, பின்பக்கம் ஜன்னல் சட்டத்தை ஒட்டியிருந்தார். நிஜத்தில் அது ஐந்து அங்குலச் சுவர், நம் குளியலறைத் தடுப்பு. ஜன்னல் உள்ளே தள்ளியிருந்தால்தான் அதன் மேல் விளிம்பில் ஒரு நிழல் விழும். அந்த ஒரு கோட்டு நிழல் இல்லாவிட்டால் எவ்வளவு நுணுக்கமாக ஜன்னல் கம்பி செய்தாலும் காகிதம்தான்.

ஆட்கள் இன்னொரு வேடிக்கை. கட்டடக்கலை மாணவர்கள் வாங்குகிற மலிவு பாக்கெட்டிலிருந்து ஒரு கூட்டம், 16.5 மி.மீ.; அது 1:100. ஓஓ பாக்கெட்டிலிருந்து இன்னொரு கூட்டம், 22 மி.மீ. எச்ஓ-வில் முதல் கூட்டம் நாலே முக்கால் அடி, இரண்டாவது ஆறே கால் அடி. உயரத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஊரில் குள்ளமும் உண்டு நெட்டையும் உண்டு. தலையையும் டிரங்குப் பெட்டியையும் பார்க்க வேண்டும், அவைதான் காட்டிக்கொடுக்கும். அதைவிடப் பெரிய தப்பு, குள்ளர்கள் முன்னால் பிளாட்பார விளிம்பில், நெட்டைகள் பின்னால் கதவோரம். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்கிற கண்ணின் வழக்கத்துக்கு நேரெதிர். இடம் மாற்றி வைத்தோம், காசு செலவில்லாமல் ஸ்டேஷன் அரையடி ஆழமானது.

விளக்கறையின் செங்கல் தாளில் இடுக்குகள் 0.5 மி.மீ. அகலம். நிஜத்தில் அது 43 மி.மீ., இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விட்டு எந்தக் கொத்தனாரும் செங்கல் வைக்க மாட்டார். நிஜத்தில் விடுகிற பத்து மி.மீ. இடுக்கு எச்ஓ-வில் 0.11 மி.மீ. நாம் மாடலை 60 செ.மீ. தள்ளி நின்று பார்க்கிறோம், அது நிஜத்தில் 52 மீட்டர். நல்ல கண்ணுக்கும் 60 செ.மீ.-ல் 0.17 மி.மீ.-க்குக் கீழே பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதாவது சரியான ஸ்கேலில் செய்தால் இடுக்கே தெரியக் கூடாது, நிறத்தில் ஒரு லேசான மாற்றம் தெரிந்தால் போதும். செய்ததெல்லாம் தெரியவேண்டும் என்கிற ஆசைதான் பல மாடல்களைக் கெடுக்கிறது. சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. "அப்ப நான் கண்ணு வலிக்க வலிக்க எதுக்குடா செய்யணும்?" என்றார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

வடக்கு எந்தப் பக்கம்?

அளவெல்லாம் திருத்த மூன்று வாரம் ஆனது. பிளாட்பாரத்தைப் பெயர்த்து, 4 மி.மீ.-க்கு இறக்கினார். ஜன்னல்களைச் சுற்றி உள்பக்கம் 2.5 மி.மீ. மரச்சட்டம் கொடுத்து சட்டத்தைப் பின்னால் தள்ளினார். ஓட்டுக்குத் தடிமனான காகிதத்தில் வரிசை வரிசையாகக் கோடு கீறி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினார். எட்டு வரிசை, வரிசைக்கு 71. தரையில் போட்டிருந்த மீன்தொட்டிக் கல்லை எடுத்துவிட்டு, ரவை சலிக்கிற சல்லடையில் சலித்த மணல். சல்லடை சித்தியுடையது. அது தனி வழக்கு.

ஆனாலும் கட்டடம் நேற்றுத் திறந்தது போலவே இருந்தது. கடையில் வாங்கிய வெள்ளைப் பெயின்ட், அதிலும் பளபளப்பு. சுண்ணாம்புச் சுவருக்குப் பளபளப்பு கிடையாது. கொஞ்சம் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு, கீழே காவிப் பட்டை, அதன்மேல் மழைத்தண்ணி தெறித்த செம்மண் கறை. அந்தக் கறை ஓரடிக்கு மேல் ஏறாது, எச்ஓ-வில் நாலு மில்லிமீட்டர். கூரை முனை எங்கே முடிகிறதோ அதற்கு நேர்கீழே மண்ணில் ஒரு சொட்டுக் கோடு. வராண்டாவுக்கு உள்ளே சுவர் நனையாது, அங்கே மனிதர்கள் சாய்ந்த எண்ணெய்க் கறைதான் இருக்கும், தோள் உயரத்தில்.

கறுப்புப் பாசி எந்தச் சுவரில்? இங்கேதான் எங்கள் இரண்டு பேருக்கும் பொறி தட்டியது. நம் பக்கம் அடைமழை ஐப்பசி கார்த்திகையில், வாடைக் காற்றோடு வரும். வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்கள்தான் ஊறிக் கறுக்கும். ஆனால் பலகையில் வடக்கு எது என்று அவர் இத்தனை வருடத்தில் யோசித்ததே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். "காலைல வண்டிக்கு நிக்கிறப்ப வெயில் மூஞ்சிலதான் அடிக்கும். எங்கப்பா துண்ட தலையில போட்டுப்பாரு" என்றார். அப்படியானால் பிளாட்பாரம் கிழக்கு பார்த்தது. விளக்கறைப் பக்கம் வடக்கு. கிழக்குச் சுவருக்கு வராண்டா குடை பிடிக்கிறது. ஆக பாசி விளக்கறையின் வடக்குச் சுவரிலும் அதன் மேலே ஓட்டிலும் மட்டும். கறுப்பும் பச்சையும் கலந்த தண்ணீர் வண்ணத்தை மேலிருந்து கீழே இழுத்து, காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றினார். மற்ற மூன்று பக்கமும் வெயிலில் வெளுத்த ஓடு. ஒரே கட்டடத்தில் ஈரமும் வறட்சியும் சேர்ந்த உடனே அது ஒரு இடத்தில் நிற்கிற கட்டடமாகிவிட்டது. இதுவரை பலகையின்மேல் இருந்தது.

சித்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தூணுல வெத்தல எச்சி இல்லையே" என்றார். அதையும் போட்டார், சுண்ணாம்பு தடவிய விரலைத் துடைத்த கோடுகளோடு.

மார்க்

அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் கட்டடங்களுக்கு மதிப்பெண் போட ஒரு முறை வைத்திருக்கிறது. மொத்தம் 125. கட்டுமானத்துக்கு 40, நுணுக்க வேலைக்கு 20, நிஜத்தோடு ஒத்துப்போவதற்கு 25, பூச்சுக்கும் எழுத்துக்கும் 25, சொந்தக் கையால் முதலிலிருந்து செய்ததற்கு 15. 87.5 வந்தால் தகுதிச் சான்று. நாங்கள் யாரும் நடுவர்கள் இல்லை, இருந்தாலும் விளையாட்டாகப் போட்டுப் பார்த்தோம். முதலில் இருந்த கட்டடத்துக்கு நான் போட்டது 70: கட்டுமானம் 26, நுணுக்கம் 14, ஒத்துப்போவது 9, பூச்சு 10, சொந்தக் கைவேலை 11. கவனித்தால் தெரியும், கை சுத்தமாக இருந்தது. அடிவாங்கியது ஒத்துப்போவதிலும் பூச்சிலும்தான்.

திருத்தியதற்கு 86. ஒன்றரை மார்க் குறைவு.

சித்தப்பாவுக்குக் கோபம். "எதுல கொறைச்ச?"

வேப்பமரத்தைக் காட்டினேன். கட்டடத்துக்குப் பின்னால் 60 மி.மீ. உயரத்தில் ஒரு பச்சைப் பந்து. நிஜத்தில் பதினேழு அடி. ஸ்டேஷன் வேம்பு என்றால் நாற்பது அடிக்குக் குறையாது, 14 செ.மீ. வரும். உலகத்தில் பெரும்பாலான மாடல்களில் மரம் குட்டையாகத்தான் இருக்கும், கட்டடத்தை மறைத்துவிடும் என்கிற பயம். மரம் குட்டையானால் கட்டடம் ஊதிப் பெருக்கும். ஓடு, பிளாட்பாரம் எல்லாம் சரிசெய்த பிறகும் தூரத்திலிருந்து அது கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது இதனால்தான்.

மரத்துக்கு ஸ்டேஷன் மார்க்கில் வேலையில்லை என்று அவர் வாதாடினார். விதிப்படி அவர் சொன்னது சரிதான், அவர்கள் கட்டடத்தை மட்டும்தான் மதிப்பிடுவார்கள். நான் ஒன்றரை மார்க்கைத் திருப்பித் தரவில்லை.

போன வாரம் போனபோது எரிந்துபோன மிக்சி மோட்டாரிலிருந்து காயில் கம்பியை உருவி, நூறு இழையைச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தார். அடிமரம் முடிந்து இரண்டாவது கவட்டை வரை வந்திருக்கிறது. "காக்கா கூடு வைக்கலாம்ல?" என்று கேட்டார். எத்தனை மில்லிமீட்டர் என்று நான் கேட்கவில்லை.